பிரதமருக்கு முன்னே, பேராசிரியருக்குப் பின்னே

சாந்திநிகேதனில் பட்டமளிப்பு விழா என்றால் மாந்தோப்பு நினைவுக்கு வரும். பட்டம் பெறும் மாணவர்களுக்கு சப்தபர்ணி இலை கொடுப்பது மரபு. தமிழில் ஏழிலைப்பாலை என்கிறோமே, அதே மரம்தான். விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் மிக உயரிய கௌரவமான தேசிகோத்தமா பட்டமும் பட்டமளிப்பு விழாக்களில்தான் வழங்கப்படுகிறது. உலகமே ஒரு கூட்டில் வந்து தங்க வேண்டும் என்று 1921-ல் தாகூர் தொடங்கிய நிறுவனம் இது. அதனால் பட்டியலில் வெளிநாட்டவர் இடம்பெற்றதில் வியப்பில்லை. யாருக்கு எப்போது கிடைத்தது என்பதுதான் சுவாரசியம்.

1957 ஜனவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய் சாந்திநிகேதனுக்கு வந்தார். வந்த கையோடு தேசிகோத்தமா பெற்றார். இந்திய-சீன நட்பு கோஷமாக முழங்கிய காலம் அது. ஐந்தே ஆண்டுகளில், 1962-ல், எல்லையில் போர் மூண்டது.

அவரை வரவேற்ற வளாகத்தில் இன்னொரு சீனரும் இருந்தார். பெயர் டான் யுன்-ஷான். ஹுனான் மாகாணத்தவர். 1927-ல் சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்தார். அவர் அழைக்கவே, மறு ஆண்டே சாந்திநிகேதனுக்குப் புறப்பட்டு வந்துவிட்டார். சீன மொழி கற்பிக்கத் தனி இடம் வேண்டும் என்பது தாகூரின் ஆசை. டான் சீனாவுக்குத் திரும்பிப் போய் நிதியும் நூல்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14, வங்காளப் புத்தாண்டு அன்று, சீன பவனம் திறக்கப்பட்டது. உடல்நலம் குன்றியதால் நேருவால் வர முடியவில்லை. அவரது செய்தியோடு வந்தவர் மகள் இந்திரா.

இந்த உழைப்பால் என்ன பயன்? இந்தியாவில் தொலைந்துபோன பல பௌத்த நூல்கள் சீன மொழிபெயர்ப்பில்தான் பிழைத்திருக்கின்றன. ஹரிவர்மனின் சத்யசித்தி சாஸ்திரம் அப்படிப்பட்ட ஒன்று. அதைச் சீனத்திலிருந்து மீண்டும் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தவர், விஸ்வபாரதியில் பணியாற்றிய என். ஐயாஸ்வாமி சாஸ்திரி. போன பொருள் வீடு திரும்பியது என்றால், அதற்கு இங்கே ஒரு சீன நூலகமும் மொழி தெரிந்தவர்களும் இருந்ததே காரணம்.

போருக்குப் பிறகு இரு நாட்டுக் கல்வி உறவும் ஏறக்குறைய உறைந்துபோனது. ஆனால் டான் இந்தியாவை விட்டுப் போகவில்லை. அவருக்கு விஸ்வபாரதி தேசிகோத்தமா வழங்கியது 1979-ல். சீனப் பிரதமர் பெற்று 22 ஆண்டுகள், டான் வந்து 51 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. 1983-ல் புத்த கயாவில் காலமானார்.

பல்கலைக்கழகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதவியில் இருப்பவர் மேடைக்கு வந்தால் புகைப்படம் கிடைக்கும். வகுப்பறையில் இருப்பவரால் கிடைப்பது மாணவர்கள் மட்டுமே. ஆனால் அரசுகளின் நட்பு முறிந்த காலத்திலும் மிஞ்சியது எது? 2023-ல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சீன பவனம் இன்றும் அங்கே இருக்கிறது. சர்வதேசக் கல்விக்குத் தொண்டாற்றியவர் என்று விருதுக்குப் பெயர் தேடும் குழுக்கள், விருந்தினர் பட்டியலைப் புரட்டும் முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.