பித்தளை உறையில் படியும் கரி

சுட்ட தோட்டாவின் பித்தளை உறை வெளியே கறுத்திருந்தால், வெடித்த வாயு உறைக்கும் துப்பாக்கி அறையின் சுவருக்கும் இடையே புகுந்து பின்னோக்கி வந்திருக்கிறது. வெடிமருந்து எரியும் கணத்தில் அழுத்தம் உறையின் வாயை விரித்து, சுவரோடு ஒட்டி அடைக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால், அல்லது தாமதமாக ஏறினால், அந்த அடைப்பு ஏற்படுவதற்குள் புகை நுழைந்துவிடும்.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புவோர் இதை அதிகம் காண்பது .45 கோல்ட் ரகத்தில். 1870-களில் கருமருந்துக்காக உருவான ரிவால்வர் தோட்டா அது. இன்றைய தரநிலையிலும் அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான், 9 மி.மீ. லூகருக்கோ 35,000. மென்மையான சுடுதலுக்காக மருந்தை மேலும் குறைத்தால் கரி நிச்சயம். அதே காலத்து .44-40 தோட்டாவின் வாய்ச்சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்திலேயே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

கரி எங்கே படிந்திருக்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. வாயோரத்தில் மெல்லிய வளையம் மட்டும் இருந்தால் கவலையில்லை. உடல் நெடுகக் கோடாக இறங்கினால் அடைப்பு பலவீனம். கூடவே எரியாத மருந்துத் துகள்களும் கிடந்தால், அந்த மருந்து அத்தோட்டாவுக்கு மெதுவானது, அல்லது உறை குண்டைத் தளர்வாகப் பிடிக்கிறது. வாயை இன்னும் இறுக்கி மடித்தால் குண்டு சற்று நேரம் தடைபட்டு அழுத்தம் நன்றாக ஏறும். பலமுறை நிரப்பிய பித்தளை இறுகிப்போய் விரிய மறுப்பதும் உண்டு. புது உறையில் அதே அளவு மருந்தை நிரப்பிச் சுட்டால் அது தெரிந்துவிடும். அளவு பெருத்த அறையும் காரணமாகலாம். அதற்கு நிரப்புபவர் செய்யக்கூடியது அதிகமில்லை.

கரியைப் பார்த்ததும் மருந்தைக் கூட்டுவது அவசர வைத்தியம். வெடிமருந்து நிறுவனக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே, சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். உச்சத்தைத் தாண்டக் கூடாது. வெளிக்கரி பெரும்பாலும் துடைத்தால் போகும் அழுக்கு. மிகை அழுத்தமோ கையைப் பறிக்கும்.

அடிப்பகுதியில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றிக் கறுத்திருந்தால் அது வேறு கதை. பிரைமர் குழி தளர்ந்திருக்கலாம். அழுத்தம் மிஞ்சியும் இருக்கலாம். அத்தகைய உறையை மறுபடி நிரப்பக் கூடாது. காரணம் தெரியும்வரை அந்தத் தொகுதித் தோட்டாக்களைச் சுடவும் கூடாது.