வாவிநீரின் உப்பை அளத்தல்

நீர் உவர்க்கின்றதென்பதை நா உணர்த்தும். எவ்வளவு உவர்க்கின்றதென்பதை அளவையே உணர்த்தும். மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரையை அடுத்த பனிச்சங்கேணியில் உப்பாறெனப்படும் வாவி கடலோடு கலக்கின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நன்னீர் பெருகி அதன் உவர்ப்பைக் குறைக்கும். கோடையில் வெயில் நீரைக் கவர, உவர்ப்பு மிகும். மீனும் இறாலும் வளர்தற்கும், கரையோர வயல் பிழைத்தற்கும் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும். அறியும் வழி பாடசாலை ஆய்வுகூடத்திலேயே உளது. அதுவே நியமிப்பு.

கரைசலின் செறிவாவது அதன் ஒரு லீற்றரிற் கரைந்துள்ள பொருளின் மூல் அளவாகும். செறிவறிந்த கரைசலைக் கொண்டு செறிவறியாத கரைசலை அளத்தல் நியமிப்பு எனப்படும். குளோரைட்டை அளத்தற்கு, செருமானிய இரசாயன அறிஞர் மோர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை எளியது. ஏறத்தாழ 17 கிராம் வெள்ளி நைத்திரேற்றைக் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்து ஒரு லீற்றராக்கின், 0.1 மூலர்க் கரைசல் கிடைக்கும். அதனை அளவியில் நிரப்புக. வாவிநீரில் 10 மில்லிலீற்றரைக் கனமானக் குடுவையில் 100 மில்லிலீற்றராக ஐதாக்குக. அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, பொற்றாசியம் குரோமேற்றுக் கரைசலிற் சில துளிகள் சேர்க்க. வெள்ளி நைத்திரேற்று வீழுந்தோறும் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். குளோரைட்டு முழுதும் படிந்தபின், மேலும் சேரும் வெள்ளி குரோமேற்றோடு கூடிச் செங்கல் நிறங் காட்டும். அந்நிறம் முதலில் நிலைக்குமிடமே முடிவுநிலை. நீர் மிக்க அமிலமாகவோ மிக்க காரமாகவோ இருப்பின் இம்முடிவு பிழைபடும்.

செலவான கரைசல் 7.50 மில்லிலீற்றர் எனக் கொள்க. அதிலுள்ள வெள்ளி 0.1 × 7.50 ÷ 1000 = 0.00075 மூல். ஒரு வெள்ளி அயன் ஒரு குளோரைட்டு அயனோடு கூடுதலின், குடுவையிலிருந்த குளோரைட்டும் அவ்வளவே. அதனை 0.025 லீற்றராற் பிரிக்க, 0.030 மூலர் வரும். மாணாக்கர் பலர் இவ்விடத்தே நின்றுவிடுவர். ஆயின் இஃது ஐதாக்கிய நீரின் செறிவு. வாவிநீரின் செறிவு இதனிற் பத்து மடங்கு, அதாவது 0.30 மூலர். 35.5 ஆற் பெருக்க, லீற்றருக்கு 10.65 கிராம் குளோரைட்டு என்பது பெறப்படும். கடல்நீரில் இவ்வளவு 19 முதல் 20 கிராம் வரையில் இருத்தலின், அந்நீர் கடலிற் பாதிக்குச் சற்று மேற்பட்ட உவர்ப்புடையது.

பத்தாற் பெருக்க மறந்தவனுக்கோ 1.065 கிராமே விடையாகும். கடலின் உவர்ப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கெனத் தோன்றும். அவ்வெண்ணை நம்பி அந்நீரை வயலுக்குப் பாய்ச்சின் பயிர் கருகும். விடை கண்டபின் அதனைக் கடல்நீரின் அளவோடும் நாவின் சுவையோடும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு இத்தவறு உடனே புலப்படும். மாதந்தோறும் இவ்வாறு அளந்து குறித்துவரின், மழையிலும் கோடையிலும் வாவி அடையும் மாற்றம் ஓராண்டில் ஒரே ஏட்டில் விளங்கும்.