பார்சல் கை மாறும் இடமெல்லாம் கையில் ரசீது இருக்கட்டும்



முன்பெல்லாம் நம் குழுக்கள் செய்யும் பொருட்கள் பூமாலை வணிக வளாகத்திலும், கண்காட்சியிலும், பக்கத்து ஊர்ச் சந்தையிலும்தான் விற்றன. பொருளைக் கையில் கொடுத்தோம், காசைக் கையில் வாங்கினோம். இப்போது ஊறுகாயும் சத்துமாவும் பனையோலைக் கூடையும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் போகின்றன. புடவையும் மிக்ஸியும் போனில் ஆர்டர் போட்டால் நம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் சமீப காலமாக நாங்கள் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், தவணை வசூல் முடிந்ததும் யாராவது ஒருவர் பார்சல் புகாரோடு எழுந்து நிற்கிறார்.

"கூரியர்காரங்களைக் கேட்டா கம்பெனியைக் கேளுங்கறாங்க. கம்பெனியைக் கேட்டா கூரியரைக் கேளுங்கறாங்க. நாங்க யாரைத்தான் கேக்கறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் கேட்ட அனுபவங்கள்

ஒரு குழு, கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் போட்டு லாரி பார்சலில் அனுப்பியது. 24 பாட்டிலில் 9 உடைந்து போய்ச் சேர்ந்தன. லாரி ஆபீசில் கேட்டபோது ரசீதை எடுத்துக் காட்டினார்கள். அதில் 'உணவுப் பொருள், மதிப்பு ரூ.500' என்று மட்டும் இருந்தது. கண்ணாடி என்று எழுதவில்லை. அந்த மாதத் தவணையை ஊக்குநர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார்.

இன்னொரு உறுப்பினர், வாசலில் பணம் கொடுக்கும் முறையில் புடவை வாங்கினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கிழிந்த பழைய துணி. "பணம் கட்டினாத்தான் பிரிக்கலாம்னு அந்தத் தம்பி சொல்லிட்டாருக்கா" என்றார். வீட்டில் திட்டு விழும் என்று பயந்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது அக்கா, பழுதான மிக்ஸியைத் திருப்பி அனுப்பினார். வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார், ரசீது கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, "எங்களுக்குக் காலிப் பெட்டிதான் வந்தது" என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது.

மூன்று பேரும் ஏமாற்றவில்லை. ஆனால் மூன்று பேர் கையிலும் எழுத்தில் எதுவும் இல்லை. நஷ்டம் அவர்கள் தலையில் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு பார்சலுக்கு எத்தனை கை?

நாம் பதிவு செய்யும் கிளை, பல இடங்களில் கம்பெனியின் சொந்தக் கிளை அல்ல. உரிமம் எடுத்து நடத்தும் ஏஜென்சி. அங்கிருந்து பார்சல் பெரிய ஊரில் உள்ள பிரிப்பு மையத்துக்குப் போகிறது. இரவு லாரியில் ஏறி அடுத்த மையம். அங்கே ஊர்வாரியாகப் பிரித்து உள்ளூர் கிளைக்கு வருகிறது. கடைசியில் டூவீலர் தம்பி கைக்கு வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஸ்கேன் செய்கிறார்கள். டிராக்கிங் நம்பரைப் போட்டால் நமக்குத் தெரிவது அந்த ஸ்கேன்தான்.

திருப்பி அனுப்பும் பொருளும் இதே பாதையில் பின்னோக்கிப் போகிறது. எந்தக் கையில் உடைந்தது, எந்தக் கையில் காணாமல் போனது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நம் கையை விட்டுப் போகும்போது பொருள் எப்படி இருந்தது, நம் கைக்கு வரும்போது எப்படி இருந்தது என்ற இரண்டுக்கும் நம்மிடம் சாட்சி இருந்தால் போதும். வாசலுக்கு வரும் தம்பியைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அவருக்கு ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. புகார் போக வேண்டிய இடம் வேறு.

ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பொடி எழுத்தில் இருக்கிறதே என்று நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம்.

பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் 1990இல் டி.எச்.எல். கூரியர் மூலம் ஜெர்மனிக்கு ஒரு கவர் அனுப்பியது. உள்ளே ஏற்றுமதிச் சரக்குக்கான ஆவணங்கள். கவர் போய்ச் சேரவில்லை. நகல் அனுப்பி அது போய்ச் சேர்வதற்குள் விற்பனைக் காலம் முடிந்துவிட்டது. சரக்கின் விலையில் ஒரு பகுதியைத்தான் வாங்குபவர் தந்தார். மாநில நுகர்வோர் ஆணையம் சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. ரசீதில் 'எங்கள் பொறுப்பு 100 டாலர் வரைதான்' என்று அச்சிட்டிருந்ததும், அனுப்பியவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்ததும்தான் காரணம். 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

ஏற்றுமதிக் கம்பெனிக்கே இந்தக் கதி. ஆகவே பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று, பொருளின் உண்மையான மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "சும்மா ஐநூறுன்னு போடுங்க" என்று சொல்லாதீர்கள். நாளைக்குக் கிடைப்பதும் அந்த ஐநூறுக்குள்தான் இருக்கும்.

இரண்டு, மதிப்புள்ள பொருளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, எவ்வளவு என்று கேளுங்கள். தபால் நிலையத்திலும் இன்ஷூர் செய்து அனுப்பும் வசதி இருக்கிறது.

மூன்று, லாரி பார்சலுக்கு 2007ஆம் ஆண்டின் சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால், கம்பெனியின் பொறுப்பு நாம் கட்டிய வாடகையைப் போல் 10 மடங்கோடு முடிந்துவிடும். 200 ரூபாய் வாடகை என்றால் 2,000 ரூபாய். வழக்குப் போட வேண்டுமென்றால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்து மட்டும் மனம் தளர வேண்டாம். கம்பெனியின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அந்த முத்திரை விலக்கு ஆகாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எடை வேறு, கட்டணம் வேறு

"கூடை ஒண்ணரைக் கிலோதான், பத்துக் கிலோவுக்குக் காசு கேக்கறாங்க" என்று பனையோலைக் குழுவினர் கேட்டார்கள். இது ஏமாற்று அல்ல. பார்சல் அடைக்கும் இடத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல கம்பெனிகள் 5000ஆல் வகுக்கின்றன. வருவதும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம்.

40 × 40 × 30 பெட்டி என்றால் 48,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 9.6 கிலோ. அதே கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து 40 × 30 × 20 பெட்டியில் அடக்கினால் 4.8 கிலோதான். கூடை செய்யும்போதே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில் செய்தால் கூரியர் செலவு பாதியாகும். எதால் வகுக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பார்சலின் கணக்கு

பொருள் போய்ச் சேர்ந்த பிறகு பணம் என்ற முறையில் விற்றால் ஆர்டர் அதிகம் வரும். வாங்காமல் திருப்பி விடுவதும் அதிகம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பெட்டி 500 ரூபாய். செய்யும் செலவு 320, கூரியர் 80. லாபம் 100. பத்துப் பெட்டி அனுப்பி மூன்று திரும்பி வந்தால், ஏழில் லாபம் 700. திரும்பிய மூன்றுக்கும் போக 80, வர 80 என்று மொத்தம் 480 போய்விடும். மிச்சம் 220 ரூபாய். வந்த மூன்றில் ஒன்று கெட்டுப்போயிருந்தால் இன்னும் 320 போய், கையிலிருந்து 100 ரூபாய் நஷ்டம்.

அதனால் அனுப்பும் முன் வாங்குபவரிடம் ஒருமுறை போனில் பேசி முகவரியை உறுதி செய்யுங்கள். முடிந்தவரை முன்பணம் வாங்குங்கள். திரும்பி வரும் பார்சலுக்கு யார் கட்டணம் என்று கூரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

நாம் வாங்கும்போதும் திருப்பும்போதும்

வாங்கும் முன்: பெட்டி கிழிந்து, நசுங்கி, வேறு டேப் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் 'சேதமான நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாம் கேட்காத பார்சலுக்குப் பணம் கட்டக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பிரிக்கும்போது: முகவரி ஒட்டிய பக்கத்தைக் காட்டி, பெட்டியைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் போனில் வீடியோ எடுங்கள்.

திருப்பும்போது: பொருளையும் அதன் நம்பரையும் படம் எடுங்கள். ரசீதோ, போனில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற செய்தியோ வராமல் பொருளைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி.யும் அதேபோல்தான். பொருள் கை மாறும் நேரத்தில் மட்டும் சொல்லுங்கள்.

'உங்கள் முகவரி தவறு, ஐந்து ரூபாய் கட்டுங்கள்' என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். பணம் திரும்ப வர நாம் ரகசிய எண் போட வேண்டியதில்லை. அப்படி யாராவது கேட்டால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

யாரைக் கேட்பது?

கம்பெனிகளின் செயலி, வலைத்தளம் மூலம் வாங்கிய பொருளுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். விற்பனை நிறுவனத்தில் குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான, போலியான, சொன்னபடி இல்லாத, சொன்ன தேதிக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. ஆகவே "கூரியரைக் கேளுங்க" என்பது பதில் ஆகாது. நாம் ஆர்டர் போட்டது கூரியரிடம் இல்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அப்படிப்பட்ட தளத்தில் நாம் விற்கும்போது இதே விதி நமக்கும் உண்டு.

அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

நாம் விற்பனைக்காக அனுப்பிய பார்சல் என்றால், 'இது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதனால் முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

நோட்டீஸ் அனுப்பும்போது ஒரு விஷயம். தனி ரிஜிஸ்தர் தபால் சேவை 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

குழுவில் ஒரு பார்சல் நோட்டு

வரவு செலவு நோட்டும் தீர்மான நோட்டும் எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமில்லை. தேதி, யாருக்கு, என்ன பொருள், மதிப்பு, எடை, கட்டணம், டிராக்கிங் நம்பர், போய்ச் சேர்ந்த தேதி, திரும்பியதா, ஏன் என்று கோடு போட்டு எழுதுங்கள். ரசீதுகளை அதிலேயே ஒட்டுங்கள். வெயில் பட்டால் ரசீதில் எழுத்து மங்கிவிடும், அதனால் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் எழுதினால் எந்தக் கூரியரில் சேதம் அதிகம், எந்த ஊரிலிருந்து திரும்பி வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நஷ்டம் வந்தால் ஊக்குநர் தனியாகச் சுமக்காமல், விற்பனைப் பணத்தில் பார்சல் சேதத்துக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

பழைய துணி வந்த அந்தச் சகோதரி கூட்டத்தில் பேசிய அன்று, "எனக்கும் இப்படி ஆச்சு" என்று இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். ஏமாந்தது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. உங்கள் குழுவில் நடந்ததையும் ரசீது நகலோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். புகார் எழுத நாங்கள் உடன் இருக்கிறோம்.