ஆழம் பழகு – 9: நின்றபடி நீந்துகிறவர்கள்

ஜூன் பிறந்தால் மால்வண் கடலுக்குப் பூட்டு. தார்க்கர்லியிலும் முருடேஸ்வரத்திலும் டைவ் படகுகள் கரையேறிவிடும். மழை ஓய்ந்த பிறகுதான் மறுபடி இறங்கும். மும்பைக்காரர்கள் டைவிங் சாமான் வாங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கடல் இல்லாதபோது கடை கண்ணில் படுகிறது. இந்தத் தொடரைப் படிக்கும் மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் சில வாரங்களாகக் கேட்பதும் ஒரே கேள்விதான். காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் பிசிடியில் எதை வாங்கலாம்? ஜாக்கெட்டா, விங்கா?

நான் திருப்பிக் கேட்பது வேறு. எத்தனை கிலோ ஈயம் கட்டுகிறீர்கள்? எங்கே கட்டுகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பாதிப் பேரிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு எல்லாரிடமும் ஒரே பதில்: “இடுப்பில்தான், வேறெங்கே?”

மால்வணில் முதல் தடவை தண்ணீருக்குள் போய்வந்தவரின் வீடியோ ஒன்று உங்கள் போனிலும் இருக்கும். தலை மேலே, கால் கீழே, கை இரண்டும் துழாவியபடி. அதில் தப்பில்லை. நீச்சல் தெரியாதவரையும் கூட்டிப்போகிற அறிமுக டைவ் அது. வழிகாட்டி பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்திருப்பார். வந்தவர் பதறி மேலே கிளம்பிவிடக் கூடாதென்று ஈயத்தைத் தாராளமாகவே கட்டியிருப்பார். சங்கடம் அதற்குப் பிறகு வருகிறது. முறையாகப் படித்து, சான்றிதழ் வாங்கி, லட்சக்கணக்கில் சாமான் சேர்த்தவர்களும் அதே ஈயத்தோடு அதே நிலையில்தான் இருக்கிறார்கள். படுத்தவாக்கில் போக வேண்டிய இடத்தில் நின்றபடி நீந்துகிறார்கள். டைவர்கள் ட்ரிம் என்று சொல்வது இந்தப் படுக்கை நிலையைத்தான்.

நிற்பதே தொழிலாக இருப்பவர்களும் உண்டு. மும்பையிலிருந்து 160 கிலோமீட்டர் மேற்கே, 1974-இல் எண்ணெய் கண்ட மும்பை ஹையில் குழாய் பழுதுபார்க்கும் டைவர்கள் தலைக்கவசமும் கனத்த காலணியுமாகத் தரையில் ஊன்றி நின்று ஸ்பானர் பிடிக்கிறவர்கள். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களுக்கோ எடை என்பது இறங்க மட்டும்தான். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். தரை தட்டியதும் காலை எடுத்துவிட்டால் படகிலிருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். அங்கே கடைசி சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். அதே பத்தாண்டில், மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு எதிரே கடலடிப் பாறைகளைச் சிலிண்டரோடு நேரில் இறங்கிப் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். சிலிண்டர் முதுகில் ஏறியதும் கல்லைத் திருப்பி அனுப்புகிற வசதி போய்விட்டது. கட்டிய ஈயத்தை இறங்கும்போதும் சுமக்கிறோம், மீன் பார்க்கும்போதும் சுமக்கிறோம், ஏறும்போதும் சுமக்கிறோம்.

அதிக ஈயம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நெஞ்சுக்கூட்டில் காற்று, அது மேலே தூக்கும். இடுப்பில் ஈயம், அது கீழே இழுக்கும். கால்களும் பலருக்கு, முக்கியமாக ஒல்லியான ஆண்களுக்கு, கீழேதான் போகும். தேவைக்கு மேல் 3 கிலோ கட்டியிருந்தால், மூழ்கிப் போகாமலிருக்க பிசிடிக்குள் ஏறக்குறைய 3 லிட்டர் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். அது தோள்பக்கம் ஏறி உட்காரும். தூக்குவதும் கூடிற்று, இழுப்பதும் கூடிற்று. நடுவில் மாட்டிய உடம்பு நிமிர்கிறது. நிமிர்ந்தவர் காலில் மாட்டிய ஃபின்னை அடித்தால் முன்னே போவதோடு மேலேயும் போகிறார். மேலே போகிறோமே என்று காற்றை விடுகிறார். அடிப்பதை நிறுத்தியதும் மூழ்குகிறார். மறுபடி காற்று. இதில் போதாக்குறைக்கு, 10 மீட்டர் ஆழத்தில் அடித்த அந்த 3 லிட்டர், மேலே வரவர விரிந்து நீர்மட்டத்தில் 6 லிட்டராகிவிடும். ஏறும்போது கட்டுப்பாடு நழுவுவது இங்கேதான். கூட வந்தவரின் சிலிண்டர் பாதி நிறைந்திருக்கும்போது நம்முடையது காலியாவதும் இதனால்தான். நுரையீரல் சிறிசோ பெரிசோ, அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே முதலில் ஈயத்தின் அளவு. டைவ் முடியும் நேரம், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கையில், 5 மீட்டரில் நின்று பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு அந்த ஆழத்திலேயே தங்க முடிந்தால் ஈயம் சரி. மூழ்கினால் அதிகம். இதை ஏன் டைவின் முடிவில் செய்ய வேண்டும்? காற்றுக்கும் எடை உண்டு. நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். அதிலிருந்து 150 பார் சுவாசித்தால் செலவாவது ஏறக்குறைய 1,665 லிட்டர் காற்று, லிட்டருக்கு 1.2 கிராம் என்றால் 2 கிலோ. நிறைந்த சிலிண்டரோடு கணக்குப் பார்த்துக் கச்சிதமாகக் கட்டிக்கொண்டவர், கடைசியில் 2 கிலோ குறைந்து, அந்த 5 மீட்டர் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவார்.

நீச்சல் குளத்தில் இந்த அளவைக் கண்டுபிடிக்க முடியாது. கடல்நீர் நன்னீரைவிட 2½ சதவீதம் கனம். சாமானோடு 90 கிலோ இருப்பவருக்கு முருடேஸ்வரத்துக்கு எதிரே உள்ள நெட்ரானித் தீவில் குளத்தைவிட 2 கிலோவுக்கு மேல் ஈயம் தேவைப்படும். ஆனால் அந்த ஈயத்தை உடம்பில் எங்கே வைப்பது என்பதைக் குளத்திலேயே பழகலாம். பழைய தூக்குக்கோலில் குண்டு அதேதான், அதை நகர்த்தும் இடம்தான் கணக்கு, ட்ரிம்மும் அப்படியே. அசையாமல், கைகால் ஆட்டாமல், தரைக்கு ஒரு முழம் மேலே படுத்துப் பாருங்கள். கால் தாழ்ந்தால் இடுப்பு ஈயத்தில் ஒன்றிரண்டு கிலோவை மேலே, சிலிண்டரின் கழுத்தை ஒட்டிய பட்டைக்கு மாற்றுங்கள். தலை தாழ்ந்தால் சிலிண்டரைப் பட்டைக்குள் சற்றுக் கீழே இறக்குங்கள். சிலிண்டர் இரண்டு விரற்கடை நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். அது காசில்லாத திருத்தம்.

பட்டையில் ஈயம் வைக்கச் சிறு பைகள் வேண்டும். கடையில் கிடைக்கிறது, விலை கேட்டால் தலை சுற்றும். நான் தாராவியில் தைத்துக்கொண்டேன். தொண்ணூறு அடி சாலைப் பக்கம் தோல் பைகளும் பள்ளிக்கூடப் பைகளும் தைக்கிற பட்டறைகளுக்குக் குறைவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள். தோல் உப்புத் தண்ணீருக்கு ஆகாது, கனத்த நைலானில் வேண்டும், அடியில் தண்ணீர் வடிய வலைத்துணி என்றேன்.

“உள்ள என்னண்ணே வைப்பீங்க?”

“ஈயம். ரெண்டு கிலோ.”

“வலைக்கா?”

தாராவி கோளிவாடாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் வேறென்ன நினைப்பார்! எனக்குத்தான் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டு, வெல்க்ரோவை நான் சொன்னதைவிட அகலமாக வைத்துத் தந்தார். இன்னும் பிரியவில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லா ஈயத்தையும் முதுகுக்கு மாற்றிவிடாதீர்கள். நீர்மட்டத்தில் ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கழற்றி எறிய, இடுப்பில் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

இனி அந்த பிசிடி கேள்வி. ஜாக்கெட் வகையில் காற்று விலாவைச் சுற்றி நிற்கும். மேலே மிதக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாற்போல் சுகம். அதனால்தான் வாடகைக் கடைகளும் பயிற்சியாளர்களும் அதை விரும்புகிறார்கள். விங்கில் காற்று முதுகில் சிலிண்டரின் இருபுறமும் பரவும். உடம்பு இயல்பாகப் படுக்கும். ஸ்டீல் பிளேட் வைத்த விங் என்றால் பிளேட்டே 2½ முதல் 3 கிலோ. அவ்வளவு ஈயம் இடுப்பிலிருந்து குறையும், அதுவும் முதுகுக்கு நடுவில் போய் உட்காரும். என் சாய்வு விங் பக்கம். ஆனால் தேவைக்கு மேல் 4 கிலோ கட்டிக்கொண்டிருப்பவரை எந்த விங்கும் படுக்க வைக்காது.

பயணத்தையும் சேர்த்து யோசியுங்கள். அந்தமானுக்கு விமானத்தில் போகிறவருக்கு உள்நாட்டுச் சாதாரண டிக்கெட்டில் 15 கிலோதான். ஸ்டீல் பிளேட் அதில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கும். அவர் அலுமினியப் பிளேட் வாங்கட்டும். தாதரில் துதாரி ரயில் ஏறி மால்வணுக்காகக் குடாளில் இறங்குகிறவருக்கோ, செம்பூரிலிருந்து ஆட்டோவில் குர்லா டெர்மினஸ் போய் மத்ஸ்யகந்தா ரயிலில் முருடேஸ்வரம் போகிறவருக்கோ இந்தக் கவலையே இல்லை. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்.

ஃபின் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம். அது மிதக்குமா மூழ்குமா என்று கேட்பதில்லை. கால் தாழ்கிறவருக்குக் கனத்த ரப்பர் ஃபின் கெடுதல். லேசான பிளாஸ்டிக் ஃபின் நல்லது. முழங்காலை மடக்கினால் பாதம் தானாக மேலே கிளம்புகிறவருக்கு நேர்மாறு. வெட்சூட்டும் இந்தக் கணக்கில் சேரும். நம் மேற்குக் கடற்கரைக்கு 3 மி.மீ. போதும். 5 மி.மீ. வாங்கினால் அதன் மிதப்பை அடக்க இன்னும் ஈயம், அதை ஈடுகட்ட இன்னும் காற்று. சிலிண்டர் நம் கையில் இல்லை. ஆனாலும் அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கி, கடைசியில் 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். அதன் அடிப்பாகம்தான் முதலில் கிளம்பும். ஸ்டீல் சிலிண்டர் பெரும்பாலும் காலியானாலும் மூழ்கும்.

இத்தனைக்கும் முன்னால் வாங்க வேண்டியது மாஸ்க். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் எதிரி மீசை. சிலிகானுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே முடி இருந்தால் தண்ணீர் கசியும். முழுவதும் எடுக்க மனம் வராதவர்கள் மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மட்டும் மழித்துக்கொள்ளலாம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் லென்ஸ் பொருத்தக்கூடிய மாஸ்க்கைக் கேளுங்கள். தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் லேசான பவர் உள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள். வாட்ச்சைத் தூர வைத்துப் படிக்கும் வயதுக்காரர்களால் முடியாது. மாஸ்க் கசிந்தால் தலை தானாக நிமிரும், தலை நிமிர்ந்தால் கால் தாழும். ட்ரிம் கெடும் வழிகளில் இதுவும் ஒன்று.

மழைக்காலத்துக்கு ஒரு பயிற்சி. கட்டிலின் விளிம்பில் குப்புறப் படுத்து, தொடையைத் தாழவிடாமல், முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, தவளை போல் உள்ளங்கால்களை வெளியே விரித்து உள்ளே சேர்த்துத் தள்ளுங்கள். மேலும் கீழும் அடிக்கிற உதையில் அடிமணல் கிளம்பும். 1987-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மால்வண் கடலில் பவளத்தின் மேல் அந்த மணல் படிவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தவளை உதை தண்ணீரைப் பின்னால் மட்டும் தள்ளுகிறது. ஊரில் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும், குளத்தில் கோச் வைத்து ஃப்ரீஸ்டைல் கற்றவர்களுக்குக் கொஞ்சம் நாளாகும்.

பிசிடியை வரும் பருவம் வாடகைக்கே எடுங்கள். ஜாக்கெட்டில் நாலு தடவை, விங்கில் நாலு தடவை இறங்கி, ஒவ்வொரு முறையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள்: எத்தனை கிலோ, எங்கெங்கே, எந்த சிலிண்டர், எந்த வெட்சூட், 50 பாரில் 5 மீட்டரில் நிற்க முடிந்ததா. அந்தப் பக்கங்களோடு கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதை எடைபோட உங்களிடம் ஏதாவது இருக்கும். ரெகுலேட்டரை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். வாங்குவதைவிட வருடாவருடம் அதைச் சர்வீஸ் செய்வது பெரிய கதை. அது அடுத்த வாரம்.

(தொடரும்)