புறப்பட்ட கரைக்கே திரும்பிய படகு

பதுளையில் நீருக்குக் குறைவில்லை. படகு விடத்தக்க ஆறுதான் இல்லை. நகரை ஒட்டி ஓடும் பதுளு ஓயா, சிறிது தூரம் சென்றதும் துன்ஹிந்தவில் 210 அடி ஆழத்தில் பாய்ந்து விழுகிறது. அத்தனை அவசரம் கொண்ட நீரில் துடுப்புப் போடுவது எங்ஙனம்? ஆகவே, படகில் ஒரு பகலைக் கழிக்க விரும்பிய நண்பர்கள் நால்வரும் ஒரு ஞாயிறன்று மலையிறங்கி மகியங்கனைக்குச் சென்றோம்.

போகப் போகத் தேயிலை மறைந்து வயல்கள் தோன்றின. குளிர் நீங்கி வெயில் ஏறிற்று. பதுளு ஓயாவையும் தன்னுள் ஏற்றுக்கொண்ட மகாவலி கங்கை, மகியங்கனையில் அகன்று அமைதியாக ஓடுகிறது. அதற்கு அண்மையிலுள்ள சொரபொரக் குளத்தில் எங்களுக்குப் படகு கிடைத்தது. துட்டகைமுனு மன்னன் காலத்தில் புலத்தன் என்னும் வீரன் இக்குளத்தைக் கட்டினான் என்பது வழிவழி வந்த கதை. கற்பாறையை வெட்டி அமைத்த அதன் மதகு இன்றும் காண்பவரை வியக்கச் செய்கிறது.

படகு அசைந்ததும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரிய நண்பர் அதன் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். நாங்கள் சிரித்தோம்.

"சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் படகேறியவர் எவரும் திரும்பியதில்லை" என்றார் அவர்.

பிறகு சொன்னார். அவருடைய பாட்டனாரின் தந்தை, கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் தமிழகக் கரையில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தவர். சொந்த ஊரை அவர் மீண்டும் காணவேயில்லை. அடுத்த பயணம் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவு. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. நண்பரின் சின்னப் பாட்டனார் குடும்பத்துடன் பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறினார். வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகத்தில் பெயர். 1984-இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது, கடிதங்களும் நின்றன.

இலங்கையில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. "தாள் கிடைத்தது, தாத்தாவின் தம்பி கிடைக்கவில்லை" என்றார் நண்பர்.

நடுக்குளத்தில் துடுப்பை நிறுத்தி, கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் பகிர்ந்துண்டோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. மேற்கே மலைகள் நீல நிறமாய்த் தெரிந்தன.

மாலையில் படகு புறப்பட்ட கரையிலேயே வந்து ஒட்டிற்று. ஆசிரியர் முதலில் இறங்கினார். ஈர மண்ணில் காலை ஊன்றி நின்று, "இதோ, ஒருவன் திரும்பி வந்துவிட்டான்!" என்று சிரித்தார். அடுத்த விடுமுறையில் தம் மாணவர்களையும் இங்கே அழைத்து வருவாராம். கதையையும் படகிலேயே சொல்வாராம்.