பருவுக்கு கிரீம் பூசினார். முகமே சிவந்து போனது!

மருந்துக்கடை டியூப்பால் வந்த வினை

சென்னை,

தினமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறவர் அந்த இளம்பெண். வயது 22. ரங்கநாதன் தெரு பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்ட வேண்டும். வருகிறவர்களிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

அந்த முகத்தில்தான் சோதனை. கன்னம் பூராவும் பரு. ஒன்று அமுங்கினால் இரண்டு கிளம்பும். "என்னம்மா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று புடவை வாங்க வந்தவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒரு டியூப் பெயரைச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் கேட்டார். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காசை வாங்கிக் கல்லாவில் போட்டார்கள், டியூப்பைக் கையில் கொடுத்தார்கள்.

நாலே நாளில் பரு மாயம்! முகம் பளபளத்தது. நிறம்கூட கொஞ்சம் ஏறிய மாதிரி தெரிந்தது. கடையில் எல்லாரும் ரகசியம் கேட்டார்கள். இவரும் மூன்று பேருக்கு டியூப் பெயரைச் சொன்னார்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு வாரம் டியூப் வாங்க நேரம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மிளகாய் அரைத்துப் பூசியது போல முகம் எரிந்தது. கன்னம் சிவந்தது. பழைய பரு ஒன்றுக்கு நாலாகத் திரும்பி வந்தது. வெயிலில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. மறுபடி டியூப்பைப் பூசினார், அடங்கியது. நிறுத்தினார், கிளம்பியது.

"குடிகாரர் கதை மாதிரி ஆயிடுச்சு சார், அது இல்லாம இருக்க முடியல" என்கிறார்.

டியூப்பில் என்ன இருந்தது?

ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று டியூப்பின் மேல் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கரப்பான் போன்ற தோல் வியாதிகளுக்கு டாக்டர்கள் சில நாள் மட்டும் கொடுக்கிற மருந்து இது. நல்ல மருந்துதான். ஆனால் பருவுக்கு அல்ல.

சிவப்பையும் வீக்கத்தையும் இது உடனே அமுக்கிவிடும். அதனால்தான் நாலு நாளில் அதிசயம் நடக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பூசினால் முகத்துத் தோல் மெலிந்து போகும். மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். சில பெண்களுக்குக் கன்னத்தில் பூனை முடி வளரும். எல்லாவற்றுக்கும் மேலே வேடிக்கை, ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பிவிடும்!

இது ஒரு பெண்ணின் கதை அல்ல. நாடு முழுவதும் 12 தோல் மருத்துவ மையங்களில் முகத்தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரை டாக்டர்கள் விசாரித்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் வெளியான கணக்கு இது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியவர்கள் இல்லை.

மேலே பூசுகிற மருந்து என்றால் அப்போது விதியில் ஒரு சந்து இருந்தது. தோல் டாக்டர்கள் ஓயாமல் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. உத்தரவு இருக்கிறது. கவுண்டரில் நடப்பது வேறு.

சூடா, அழுக்கா?

"உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார் பாட்டி. "மூஞ்சியை ஒழுங்கா கழுவல" என்பார் அப்பா. "கல்யாணம் ஆனா போயிடும்" என்பார் அத்தை. மூன்றும் தப்பு.

முகத்துத் தோலில் முடி முளைக்கும் நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறும்போது (பெண்களுக்கும் இது உண்டு) சுரப்பி அதிகமாக எண்ணெய் விடுகிறது. செத்த தோல் செல்கள் அதில் ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைக்கின்றன. சாக்கடையில் அடைப்பு விழுந்த மாதிரி! உள்ளே தோலில் சாதாரணமாக வாழும் கிருமி பெருகி, வீங்கி, சீழ் பிடிக்கிறது.

மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி அழுக்கு அல்ல. அடைப்பின் வாய் திறந்து காற்றுப் பட்டதால் கறுத்தது. சோப்புப் போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க தோல்தான் புண்ணாகும்.

முக்கியமான சங்கதி இதுதான். இன்று கண்ணாடியில் தெரிகிற பரு, பல வாரத்துக்கு முன்பே தோலுக்குள் கருக்கொண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அமுக்கினால், வரிசையில் நிற்கிற அடுத்த பரு வெளியே வரத்தான் செய்யும். "போனது திரும்பி வந்துடுச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

எலுமிச்சை சாறு தோலை எரிக்கும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கரும்படை விழும். டூத்பேஸ்ட்டும் அப்படியே. (இதை எழுதுகிறவரும் காலேஜ் நாளில் பேஸ்ட் தடவிப் படுத்தவர்தான். காலையில் பரு இருந்தது, சுற்றிலும் தோல் இல்லை.) சந்தனம் குளிர்ச்சி தரும், அடைப்பைத் திறக்காது. தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்தால் நெற்றியில் பொடிப்பொடியாகப் பரு வரும். ஹெல்மெட் பட்டை உரசும் இடத்தில் தாடையில் வரும்.

பொறுமை வேண்டும்

சாதாரணப் பருவுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது இரண்டு. ஒன்று பென்சாயில் பெராக்சைடு. கிருமியைக் கொல்லும். 2.5 சதவீதம் போதும், அதிக சதவீதம் என்றால் எரிச்சல்தான் அதிகம். துண்டு, தலையணை உறை, கலர் சட்டை எல்லாவற்றையும் இது வெளுத்துவிடும், ஜாக்கிரதை!

இன்னொன்று அடாபலீன். ராத்திரி படுக்கும் முன் பட்டாணி அளவு எடுத்து, பரு மேல் மட்டும் இல்லாமல் அது வரும் இடம் முழுவதும் மெல்லிசாகப் பூச வேண்டும். அடைப்பு விழாமல் தடுப்பது இதன் வேலை. முதல் சில வாரம் தோல் காயும், உரியும். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கர்ப்பிணிகள் இதைப் பூசக் கூடாது.

ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். கட்டி கட்டியாக வந்து தழும்பு விழுகிறவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தும் மருந்து அது. டாக்டர் பார்வையில், ரத்தப் பரிசோதனையோடு மட்டும்தான்.

இருபத்தைந்து தாண்டியும் தாடையைச் சுற்றிப் பரு, மாதவிலக்கு தள்ளித்தள்ளி வருகிறது, மோவாயில் முடி என்றால், கிரீமை விட்டுவிட்டு சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிம்முக்குப் போய் புரோட்டீன் பவுடர் குடிக்கும் வாலிபர்களில் சிலருக்கும் பரு கிளம்புகிறது. எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் பழி போடுகிறோம். சர்க்கரை, மைதா, பால் இவற்றின் மேல்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு சந்தேகம் அதிகம்.

ஸ்டீராய்டு பூசி மாட்டிக்கொண்டவர்கள் தாங்களே வைத்தியம் பார்க்காமல் தோல் டாக்டரிடம் போவது நல்லது. நிறுத்தியதும் கொஞ்ச நாள் முகம் மோசமாகத்தான் இருக்கும். அதைத் தாண்ட மருந்து உண்டு. பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். பூசிய டியூப்பையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.

ஜவுளிக்கடைப் பெண் அப்படித்தான் போனார். நாலு மாதம் ஆகிறது. எரிச்சல் நின்றுவிட்டது. கன்னத்துச் சிவப்பு முழுக்கப் போகவில்லை. புதுப் பரு எப்போதாவது ஒன்றிரண்டு.

தான் டியூப் பெயர் சொன்ன மூன்று பேரையும் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேர் அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மூன்றாவது பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"கல்யாணம் முடியட்டும் அக்கா, விட்டுடறேன்" என்கிறாராம் அவர்.