மக்காச்சோளத்துக்கு எருவும் யூரியாவும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மானாவாரிக் கரிசலிலும் திண்டுக்கல் பகுதியின் இறவைத் தோட்டங்களிலும் விளைந்து, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்லும் மக்காச்சோளம், தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மிகுதியாக எடுத்துக்கொள்ளும் பயிராகும். ஒரு டன் மணி விளைவதற்குத் தட்டையையும் சேர்த்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை தழைச்சத்து தேவைப்படுகிறது. இறவை வீரிய ஒட்டு ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்துடன் 12.5 டன் தொழுவுரமும் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் இதன் இரண்டாம் பாதி எளிதில் கைவிடப்படுகிறது என்பதே கவலைக்குரியது.

எருவை யூரியாவுக்கு மாற்றாகக் கருதினால் கணக்கு ஒத்துவராது. ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து என்பது, 46 விழுக்காடு தழைச்சத்து கொண்ட யூரியாவில், 45 கிலோ மூட்டை ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அதே அளவை அரை விழுக்காடு மட்டுமே கொண்ட தொழுவுரத்திலிருந்து பெற 20 டன் வேண்டும், அதிலும் ஒரு பகுதியே முதல் பருவத்தில் பயிருக்குக் கிட்டும். எருவின் முதன்மையான பணி வேறு: இட்ட யூரியா வீணாகாமல் காப்பது.

மண்ணில் விழுந்த யூரியா, யூரியேஸ் என்னும் நொதியால் சில நாள்களிலேயே அம்மோனியமாகச் சிதைகிறது. காரத்தன்மை மிக்க கரிசலின் மேற்பரப்பில் அதன் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலக்கிறது. எஞ்சியதை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்ற, களிமண் பற்றிவைக்க இயலாத அந்த நைட்ரேட் மழைநீரோடு வேர்மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது, அல்லது ஐப்பசி மழையில் நீர் தேங்கும் வயலில் மீண்டும் வாயுவாகி வெளியேறுகிறது. மக்கிய கரிமப்பொருள் அம்மோனியத்தைத் தன்னுள் பிடித்துவைப்பதோடு, நுண்ணுயிரிகளுக்கு உணவாகவும் அமைவதால், அவை தழைச்சத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு, மடியும்போது சிறுகச் சிறுக வேர்களுக்கு விடுவிக்கின்றன.

ஆனால் எல்லாக் கரிமப்பொருளும் இவ்வாறு உதவுவதில்லை. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமே இதை முடிவு செய்கிறது. அவ்விகிதம் ஏறத்தாழ 25-க்குக் கீழே உள்ள மக்கிய எரு தழைச்சத்தை வெளியிடும். 60 அளவில் உள்ள மக்காச்சோளத் தட்டையோ, சிதைவதற்குத் தேவையான தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த தட்டையை மடக்கி உழுது உடனே விதைத்த வயலில் இளம்பயிர் வெளிறுவதற்கு இதுவே காரணம். அங்கே சிறிது யூரியா இடுவது நுண்ணுயிரிகளின் பசியைத் தணித்துத் தட்டையை விரைவில் மக்கச் செய்கிறது. எரு யூரியாவைக் காப்பது போலவே யூரியாவும் எருவை உருவாக்குகிறது.

கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனையும், கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிரிடப்படும் 1972-இல் தொடங்கிய நெடுங்கால உரச் சோதனையும் இங்கே மதிப்புமிக்க சான்றுகள். தழைச்சத்தை மட்டுமே ஆண்டுதோறும் பெற்ற பாத்திகளில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வறண்டு விளைச்சல் சரிந்தது. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று பேரூட்டங்களோடு தொழுவுரமும் பெற்றவை விளைச்சலிலும் மண்ணின் கரிம அளவிலும் முன்னின்றன. ஒரு பருவச் சோதனையில் புலப்படாத இவ்வேறுபாட்டைப் பல பத்தாண்டுகளே காட்ட முடிந்தது.

இடும் காலமும் அளவுக்கு இணையாக முக்கியமானது. எருவைக் கடைசி உழவிலும், தழைச்சத்தில் கால் பங்கை விதைக்கும்போதும், வளர்ச்சி வேகம்கொள்ளும் 25-ஆம் நாளில் பாதியையும், 45-ஆம் நாளில் எஞ்சிய கால் பங்கையும் இட்டு மண் அணைக்க வேண்டும். தொழுவுரம் கிடைக்காத இடங்களில் கோழி எருவை நாடலாம். தொழுவுரத்தைவிடப் பன்மடங்கு தழைச்சத்து கொண்ட அது பச்சையாக இடப்பட்டால் அம்மோனியாவை இழப்பதோடு இளவேரையும் கருக்கும் என்பதால், தென்னைநார்க் கழிவோடு மக்கவைத்து இட்டு, அது தரும் அளவை யூரியாவில் கழித்துக்கொள்வதே முறை.